ஸ்டோரில் இருக்கிறது, வார்டில் இல்லை

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று யாராவது சொன்னால், கேட்பவர் மனதில் உடனே ஓடுவது "அரசாங்கம் வாங்கிப் போடவில்லை" என்பதுதான். மருந்தாளுநராக என் வேலையின் பெரும்பகுதி ஸ்டோரில் கழிந்திருக்கிறது. வாங்காததால் இல்லாமல் போன மருந்துகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வாங்கி, வந்து இறங்கி, ரிஜிஸ்டரில் ஏறி, அலமாரியில் அடுக்கிய பிறகும் நோயாளிக்குப் போய்ச் சேராத மருந்தை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். ஸ்டோர் கதவிலிருந்து நோயாளியின் கட்டில் வரைக்கும் உள்ள அந்தச் சின்னத் தூரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நான் இருப்பது டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவமனை. எங்களுக்கு மருந்து எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் பதிவானது. 1995 ஜனவரியில் மருந்து விநியோகத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்கத் தேவைப்படும் மருந்துகளைப் பட்டியலிட்டு, மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவார்கள். சரக்கு மாவட்ட வேர்ஹவுஸில் வந்து இறங்கும். இறங்கியதும் எங்களுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள், அது தனியே நிற்கும். அதிலிருந்து எடுத்த சாம்பிள், எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி அடையாளம் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். தேறி வந்த பேட்ச் மட்டும்தான் எங்கள் வண்டியில் ஏறும்.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று அதில் ஒதுக்கீடு இருக்கும். நாங்கள் எடுக்கிற மருந்தின் மதிப்பு அதில் கழிந்துகொண்டே வரும். மேலே உட்கார்ந்திருக்கும் யாரோ "உங்களுக்கு இது போதும்" என்று பெட்டியை அனுப்பி வைக்காமல், எதை எவ்வளவு எடுப்பது என்று மருத்துவமனையே முடிவு செய்ய அது வழி விட்டது. இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறது, ஆனால் அடிப்படை யோசனை அதே பாஸ்புக்தான். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு.

ஆக, வேர்ஹவுஸ் வரைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிக்கல் தொடங்குவது மருத்துவமனை காம்பவுண்டுக்குள்.

முன்பு நான் இருந்த ஒரு மருத்துவமனையில், பெயின்ட் அடிப்பதற்காக ஆண்கள் மெடிக்கல் வார்டைக் காலி செய்தார்கள். பெரிய இரும்பு பீரோ ஒன்றை நகர்த்தவே முடியவில்லை என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். திறந்து பார்த்தோம். மேல் தட்டில் மடித்த பெட்ஷீட்டுகள். பெட்ஷீட்டுக்குப் பின்னால் ரிங்கர் லாக்டேட் டிரிப் பாட்டில்கள், சுவர் மாதிரி வரிசையாக. கீழ்த்தட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக ஐ.வி. கேனுலா, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்: பச்சையில் 18ஆம் அளவு, ரோஸில் 20, நீலத்தில் 22. பழைய கையுறைப் பெட்டி ஒன்றுக்குள் செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் குப்பிகள். வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோல் ஊசி மருந்து பெட்டி பிரிக்காமலே இருந்தது, காலாவதிக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதே வாரத்தில்தான் பக்கத்துப் பெண்கள் வார்டில் நீலக் கேனுலா இல்லை என்று சொல்லி, ஒரு பாட்டியின் மகனை எதிரே உள்ள மெடிக்கலுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அந்த வார்டு சிஸ்டர் என்னைவிட வயதில் மூத்தவர், ஓய்வு பெறும் காலத்தில் இருந்தவர். நான் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டார்: "ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிட்ஸோட ஒரு பேஷன்ட் வந்தா நீ வந்து ஸ்டோரைத் திறப்பியா? சாவி உன்கிட்ட இருக்கு, திட்டு எனக்கு விழுது."

அவர் கேட்டது நியாயம். எங்கள் ஸ்டோர் சாயங்காலம் பூட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் பூட்டுதான். பொங்கல் நேரத்தில் நாலைந்து நாள் சேர்ந்து வந்தால், அதற்கு முந்தின வாரம் எல்லா வார்டு இன்டென்டும், அதாவது மருந்து கேட்டு எழுதும் பட்டியலும், இரண்டு மடங்காகிவிடும். வீட்டில் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் காசு ஒளித்து வைப்பது எதற்காகவோ, சிஸ்டர்கள் பீரோவில் மருந்து ஒளித்து வைப்பதும் அதற்காகத்தான். இதைத் திருட்டு என்றோ சோம்பேறித்தனம் என்றோ சொல்பவர்கள் ஒரு இரவாவது வார்டில் நின்று பார்க்க வேண்டும். ஸ்டோரை நம்ப முடியாத இடத்தில் வார்டு தனக்கென்று ஒரு ஸ்டோரை உண்டாக்கிக்கொள்ளும்.

ஆனால் அதன் விளைவு மோசமானது. ஸ்டோரிலிருந்து மருந்து வெளியே போன அந்த நிமிடமே அது "செலவு" என்று என் ரிஜிஸ்டரில் விழுந்துவிடுகிறது. பீரோவில் தூங்கும் கேனுலாவும், நரம்பில் ஏறிய கேனுலாவும் என் கணக்கில் ஒன்றுதான். வருட முடிவில் அந்த எண்ணைப் பார்த்து அடுத்த வருடத்துக்குத் தேவைப் பட்டியல் போடுகிறோம். ஒரு வார்டு பதுக்கியது இன்னொரு வார்டுக்கு இல்லாமல் போகிறது, அந்த வார்டும் பயந்துபோய் அடுத்த தடவை கூடுதலாகக் கேட்கிறது, கணக்கு இன்னும் ஊதுகிறது. பாஸ்புக் பணம் கேனுலாவாகவும் பான்டோபிரசோலாகவும் மாறி பீரோவுக்குள் போய் உட்கார்ந்துவிட, மாசிக்கும் பங்குனிக்கும் வேறு ஏதாவது அவசியமான மருந்துக்குப் பணம் இழுத்துப் பிடிக்கும்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்றும் இருக்கிறது, அதை இன்னும் குறைவானவர்களே கவனிக்கிறார்கள். ஒரு மாத்திரை மாதத்தில் 12 நாள் ஸ்டோரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 18 நாளில் 900 மாத்திரை போயிருக்கிறது. ரிஜிஸ்டரைப் புரட்டுபவர் "மாதம் 900" என்று எழுதிக்கொள்வார். உண்மையில் ஒரு நாளைக்கு 50 போயிருக்கிறது, மாதத்துக்கு 1500 வேண்டும். 900 என்று எழுதினால் அடுத்த வருடத் தட்டுப்பாட்டை இந்த வருடமே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம் என்று அர்த்தம். இருப்பு பூஜ்ஜியமாக நின்ற நாட்களைத் தனியாகக் குறித்து வைத்தால் போதும், இந்தத் தப்பு வராது. ஸ்டோரில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதற்கென்று ஒரு தாள் வைத்திருக்கிறேன். எந்த மருந்து எந்தத் தேதி தீர்ந்தது, எந்தத் தேதி வந்தது, அவ்வளவுதான் அதில் இருக்கும்.

சரி, பதுக்கலுக்கு என்ன செய்வது? மெமோ கொடுத்துப் பார்த்த இடங்கள் எனக்குத் தெரியும். மெமோ வந்த பிறகு பீரோவுக்குப் பூட்டு வந்தது, வேறு மாற்றம் இல்லை. இப்போது நான் இருக்கும் இடத்தில் ஆர்.எம்.ஓ.வும் (நிலைய மருத்துவ அலுவலர்) நர்சிங் சூப்பிரண்டும் சேர்ந்து உட்கார்ந்து வேறு மாதிரி யோசித்தார்கள். முதலில், ராத்திரிக்கான சாவிப் பிரச்சினை. கேஷுவாலிட்டி பக்கத்தில் ஒரு சின்ன அலமாரியில் அவசர இருப்பு வைத்தோம், சாவி இரவுப் பணி சிஸ்டரிடம் இருக்கும். எடுத்தவர் எதை எந்த நோயாளிக்கு எடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். காலையில் நாங்கள் நிரப்பிவிடுவோம். அடுத்து, ஒவ்வொரு வார்டுக்கும் கிழமை குறித்தோம். உங்களுக்குச் செவ்வாய் என்றால் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் சாமான் வார்டில் இருக்கும், மழையானாலும் வெயிலானாலும். இந்தச் சொல்லை நாங்கள் காப்பாற்றியதுதான் எல்லாவற்றையும்விட வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒரு வார்டுக்கு ஒரு வாரமாவது தவறியிருந்தால் பீரோ மறுபடி நிரம்பியிருக்கும்.

திருப்பிக் கொடுப்பதை எளிதாக்கியது இன்னொன்று. முன்பெல்லாம் வார்டிலிருந்து மருந்தைத் திருப்பிக் கொடுத்தால் "ஏன் அதிகமாக வாங்கினீர்கள்" என்று விளக்கம் கேட்பார்கள். காலாவதியாகி இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் யாரும் திருப்பவே மாட்டார்கள்; ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பைக்குள் போகும். இப்போது மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் எதையும் ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் போதும், கேள்வி கிடையாது. அதை ஓட்டம் அதிகமுள்ள வார்டுக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மாற்றிவிடுவோம். முதல் மாதங்களில் வந்த சீட்டுகளைப் பார்த்து எனக்கே மலைப்பாக இருந்தது. அப்புறம் இன்டென்டுகள் தானாகவே மெலிந்தன. சிஸ்டர்கள் இப்போது போனில் கூப்பிட்டு "மேடம், எங்ககிட்ட ரெண்டு பெட்டி இருக்கு, யாருக்காவது வேணுமா?" என்று கேட்கிறார்கள்.

முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் அலமாரியில் புதுப் பெட்டியை முன்னால் வைப்பதுதான் கைக்குச் சுலபம், லாரி வந்து நிற்கும் அவசரத்தில் அப்படித்தான் நடக்கும். எங்கள் ஸ்டோரில் சாமான் இறக்கும் அண்ணன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலாவதி மாதத்தைக் கறுப்பு மார்க்கரில் பெட்டியின் நெற்றியில், தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதிவிடுவார். கம்பெனி அச்சடித்திருக்கும் பொடி எழுத்தை யாரும் குனிந்து படிப்பதில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தோன்றியது.

டெண்டர் முறையில் வாங்குவதால் வரும் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். இந்த வருடம் ஒரு கம்பெனி, அடுத்த வருடம் வேறு கம்பெனி. மருந்து அதேதான், ஆனால் ஆம்பூலின் (ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) நிறமும் லேபிளும் மாறிவிடும். ராத்திரி அவசரத்தில் சிஸ்டரின் கண் முதலில் பழகிய நிறத்தைத்தான் தேடும். நேற்று வரை ஒரு மருந்துக்கு இருந்த நீலப் பட்டை இன்று இன்னொரு மருந்துக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் லேபிள் மாறிய எதையும் வார்டுக்குக் கொடுக்கும் முன், ஒரு ஆம்பூலை அட்டையில் ஒட்டி, "இதுதான் இனி இந்த மருந்து" என்று தமிழில் எழுதி வார்டு வார்டாக அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறோம். அடர் பொட்டாசியம் குளோரைடை மற்ற ஆம்பூல்களுடன் ஒரே தட்டில் வைக்க நான் சம்மதிப்பதே இல்லை. அதை நீர்க்காமல் நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். அதற்குத் தனிப் பெட்டி, சிவப்பு ஸ்டிக்கர்.

இந்த ஊரில் ஸ்டோர் பார்ப்பவருக்கு மழையும் வயலும் தெரிந்திருக்க வேண்டும். நடவிலும் அறுவடையிலும் வயலுக்குள் ஆள் நடமாட்டம் கூடும், ஐப்பசி மழையில் வளைகளில் தண்ணீர் நிறையும், பாம்புகள் வரப்புக்கும் வீட்டுக்கும் வரும். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தை வருட மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால், கோடையில் அலமாரியில் கிடக்கும், கார்த்திகையில் தீர்ந்துவிடும்.

நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. இதற்கான விஷத்தில் பெரும் பங்கு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978 இல் தொடங்கிய பாம்பு பிடிப்பவர்கள் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போயிருக்கிறது. ஒரு குப்பி 10 மில்லி. விஷம் ஏறிய அறிகுறி தெரிந்த ஒருவருக்கு முதல் கட்டமாகவே 8 முதல் 10 குப்பி போகும். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. கண்ணாடி விரியன் கடியில் ரத்தம் உறையவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. அதனால் "50 குப்பி இருக்கிறது" என்று கேட்டால் நிறைய இருப்பதாகத் தோன்றும், எனக்கு அது முதல் கட்டத்துக்கே ஐந்தாறு பேருக்கான மருந்துதான் என்று காதில் விழும்.

விஷமுறிவு மருந்து மட்டும் இருந்து பயனில்லை என்பதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும். அப்போது உயிர் காப்பது அட்ரினலின். விலை மிகக் குறைவு, விரல் நகம் அகலம்கூட இல்லாத ஆம்பூல். அது பக்கத்தில் தயாராக இல்லாமல் எந்த மருத்துவரும் விஷமுறிவு ஊசியைத் தொடக்கூடாது. வெளிச்சம் பட்டுப் பழுப்பேறியிருந்தால் அந்த அட்ரினலினையும் தூக்கிப் போட வேண்டியதுதான். நல்ல பாம்புக் கடி என்றால் நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் வேண்டும், மூச்சு தடுமாறினால் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை வேண்டும்.

அப்புறம் கண்ணாடி டெஸ்ட் டியூப். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, கொஞ்சம் ரத்தத்தை ஒரு டியூபில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்த டியூப் சுத்தமான, உலர்ந்த, கண்ணாடி டியூபாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டியூப் என்றாலோ, சோப்புத் தண்ணீரில் கழுவிய டியூப் என்றாலோ ரத்தம் சரியாக உறையாது. விஷமே ஏறாதவருக்கும் விஷம் ஏறியதாகக் காட்டிவிடும். பத்துக் குப்பி மருந்து வீணாகப் போவதும் போகாததும் சில ரூபாய் டியூப் கையில் தொங்குகிறது. லேபில் எல்லாம் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகு கண்ணாடி டியூப் கேட்பதற்கே ஆள் இல்லாமல் போயிற்று. இன்டென்டில் யாரும் எழுதாததால் நாங்களே எழுதி வாங்குகிறோம்.

மருந்துகளை அவற்றுக்கு ஆகும் வருடச் செலவை வைத்து ஏ, பி, சி என்றும், உயிருக்கு எவ்வளவு அவசியம் என்பதை வைத்து வி, இ, டி என்றும் பிரிக்கச் சொல்லிப் பயிற்சி வகுப்புகளில் கற்றுத் தருவார்கள். நல்ல முறைதான். பணத்தைத் தின்னும் சில மருந்துகளைக் கவனமாகப் பார்க்க அது உதவும். ஆனால் அட்ரினலினும் கண்ணாடி டியூபும் செலவுப் பட்டியலின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் பாம்புக்கடிக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, மூடியில் பட்டியல் ஒட்டி, ஒரு பெட்டி என்றால் ஒரு நோயாளி என்று எண்ணத் தொடங்கினோம். மகப்பேறு வார்டில் ரத்தப்போக்குக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரே ஒரு வித்தியாசம், ஆக்சிடோசின் அந்தப் பெட்டிக்குள் போகாது. அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. பிரசவ அறை மேசை டிரேயில் சித்திரை வெயில் முழுக்கக் கிடந்த ஆக்சிடோசின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், வீரியம் இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரத்தம் நிற்காதபோதுதான் தெரியும். ஃபிரிட்ஜில் வை, அந்தந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் எடு என்பதைப் பிரசவ அறையில் புதிதாக வரும் ஒவ்வொரு சிஸ்டரிடமும் நானே போய்ச் சொல்கிறேன்.

ஆக்சிஜன் கணக்கு 2021க்குப் பிறகு எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். பெரிய டி டைப் சிலிண்டரில் 7 கன மீட்டர், அதாவது 7000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். அதே சிலிண்டரை நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் கருவியில் மாட்டினால் இரண்டு மணி நேரம்கூட வராது. கருவி மாறினால் சாமான் தேவை ஆறு மடங்காகும் என்பதை அந்த வருடம் பாடமாகப் படித்தோம். ஆம்புலன்ஸில் போகும் சின்ன பி டைப்பில் 1500 லிட்டர்தான்; 10 லிட்டர் ஓட்டத்தில் இரண்டரை மணி நேரம். இங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு ரெஃபர் செய்யும்போது, வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சிலிண்டரை ஏற்றுகிறோம்.

கருவிகள் பக்கம் வந்தால் என் வேதனை அதிகம். மத்திய சுகாதாரத் துறை 2015 இல் மருத்துவக் கருவிகள் பராமரிப்புக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்காக எடுத்த கணக்கெடுப்பில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் ஓடாமல் கிடந்தன. ஓடாமல் கிடப்பதற்கு எப்போதும் பெரிய கோளாறு காரணமாக இருக்காது. இ.சி.ஜி. மெஷின் நன்றாக இருக்கும், பேப்பர் ரோல் இருக்காது. லாரிஞ்சோஸ்கோப் இருக்கும், அதன் பல்ப் போயிருக்கும். பல்ப் போன லாரிஞ்சோஸ்கோப்பை வைத்துக்கொண்டு மூச்சுக்குழாயில் டியூப் போட முடியாது. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டருக்கு அதே பிராண்ட் ஸ்ட்ரிப்தான் பொருந்தும். புது பிராண்ட் வந்த அன்று பழைய மீட்டர்கள் எல்லாம் பொம்மையாகிவிடும், அல்லது பழைய ஸ்ட்ரிப்கள் பெட்டி பெட்டியாகக் காலாவதியாகும். நல்ல மனதோடு கருவி வாங்கித் தருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: கருவியோடு ஒரு வருடத்துக்கான ஸ்ட்ரிப்போ, சென்சாரோ, டியூபோ சேர்த்து வாங்கிக் கொடுங்கள். கருவியில் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஏ.எம்.சி., சி.எம்.சி. என்று இரண்டு உண்டு. முன்னதில் பொதுவாக ஆள் வந்து பார்ப்பார், உதிரிப் பாகத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பின்னதில் பாகமும் சேர்ந்து வரும். வாரண்டி முடியும் தேதி யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போய், முடிந்த அடுத்த மாதம் வென்டிலேட்டரின் ஃப்ளோ சென்சார் போய், பாகத்துக்கு நிதி கேட்டு ஃபைல் நகரும் வரை மெஷின் துணி போர்த்தி நின்றதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு கருவியின் மேலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். நிறுவிய தேதி, வாரண்டி முடியும் தேதி, சர்வீஸ் நம்பர் மூன்றும் அதில் இருக்கும். கருவியைத் தினமும் தொடும் சிஸ்டரின் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதால், ஆபீஸ் ஃபைலுக்கு முன் அவர்தான் ஞாபகப்படுத்துகிறார். கண்டம் செய்ய (இனி உதவாது என்று கணக்கிலிருந்து கழிக்க) வேண்டியவற்றை உடனுக்குடன் கண்டம் செய்வதும் முக்கியம். உடைந்த கட்டிலும் செத்த மெஷினும் ஒரு நல்ல அறையை வருடக்கணக்கில் அடைத்துக்கொண்டிருக்க, சலைன் பெட்டிகள் வராண்டாவில் வெயிலில் காய்வது பல இடங்களில் நடக்கிறது.

எனக்கு இரண்டு ஆசைகள் உண்டு. ஒன்று, படுக்கைகள் அதிகமுள்ள மருத்துவமனைகளில் இரவுப் பணிக்கு ஒரு மருந்தாளுநர். எங்கள் அவசர அலமாரி அதற்கு மாற்று ஆகாது, சமாளிப்பு மட்டும்தான். இன்னொன்று, கணினிக் கணக்கு ஸ்டோர் வாசலோடு நிற்காமல் வார்டு அலமாரி வரைக்கும் போக வேண்டும், ஆனால் அதைப் பதிவு செய்யும் வேலை சிஸ்டர் தலையில் விழக்கூடாது. நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் ஒருவரிடம் கேனுலா எண்ணச் சொல்வது நியாயமில்லை. எண்ணுவதற்கு வார்டுக்கு எங்கள் ஆள் போக வேண்டும்.

இதைப் படிக்கும் மருந்தாளுநர்கள், சிஸ்டர்கள் யாராவது இருந்தால் எனக்கு ஓர் உதவி. மூன்று பிராண்ட் குளுக்கோமீட்டர் ஒரே மருத்துவமனையில் ஓடுகிறது என்றால் எந்த வார்டுக்கு எது என்று எப்படிப் பிரித்துக் கொடுக்கிறீர்கள்? நாங்கள் தளம் வாரியாகப் பிரித்துப் பார்த்தோம், நோயாளியை மாடிக்கு மாற்றும்போது மீட்டரும் கூடவே போய்விடுகிறது. உங்கள் இடத்தில் வேறு வழி ஏதாவது சரியாக ஓடுகிறதென்றால் எழுதுங்கள்.